மணியாச்சியில் வண்டி மாறவும்

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் 'என் ஊர்' என்று இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். திண்ணையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவர் வாத்தியார். மற்ற இருவரும் மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்வந்தே தலை நரைத்தவர்கள். நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன். பிள்ளை நோட்டோடு வந்து நின்றாள்.

"வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட ஊர்னு எழுதும்மா" என்றோம்.

"அதை எழுதிட்டேன் தாத்தா. அது ஒரு வரிதான வருது" என்றாள். பிறகு கேட்டாள்: "திருநெல்வேலி பெரிய ஊர்தான? ஜங்ஷனை அங்கன வைக்காம ஏன் இந்தக் காட்டுல கொண்டாந்து வச்சாங்க?"

ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஐந்து பேரின் வயதைக் கூட்டினால் முந்நூறைத் தாண்டும். தண்டவாளத்தைத் தாண்டாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை எங்களுக்கு. அந்தப் பாதை ஏன் அங்கே பிரிகிறது என்று ஒருவரும் ஒருநாளும் யோசித்ததில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் போன பிறகும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த ஐந்து பேருக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. மணியாச்சியிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் பிறந்து, அந்த நடைமேடையில் வண்டி ஏறிப் பிழைக்கப் போன எல்லோருக்குமாகச் சொல்கிறேன். எங்கள் ஊரை நாங்கள் கைவிட்டோம். இருந்த இடத்திலிருந்தே கைவிட்டோம்.

பிள்ளையின் கேள்விக்குப் பதில் பருத்தி. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து அங்கிருந்து பருத்தி வருவது தடைபட்டபோது, இங்கிலாந்து ஆலைகளின் கண் நம் பக்கம் திரும்பியது. கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் என்று விரிந்து கிடக்கும் கரிசலில் விளைந்த பருத்திக்கு விலை ஏறியது. ஆனால் கரிசலில் மழை பெய்தால் வண்டி ஓடாது. சக்கரம் அச்சுவரை புதையும்; மாடு முழங்கால்வரை இறங்கும். கோடையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நிற்கும். இந்த மண்ணிலிருந்து துறைமுகத்துக்குப் பருத்தி போக வேண்டுமென்றால் இரும்புப் பாதை வேண்டும். தென்னிந்திய ரயில்வே மதுரையிலிருந்து விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் வழியாக இறக்கிய மீட்டர்கேஜ் பாதை குறி வைத்தது தூத்துக்குடித் துறைமுகத்தை. திருநெல்வேலி பெரிய ஊராக இருக்கலாம். பாதை போட்டவர்களுக்கு அது ஒரு கிளைதான். அந்தக் கிளை பிரிந்த இடம் மணியாச்சி. இங்கிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். திருநெல்வேலியும் ஏறக்குறைய அவ்வளவே. கவட்டைக் கம்பின் பிடி வடக்கே இருக்க, இரண்டு கொம்புகளும் தெற்கே விரிகின்றன. அதனால்தான் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் வண்டி மணியாச்சிக்கு வந்து, இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சின்னப் பிள்ளையில் எத்தனை தடவை அதை வேடிக்கை பார்த்திருக்கிறோம்! இன்ஜின் ஏன் சுற்றிவருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மண்ணையும் நாங்கள் பார்க்கவில்லை. வடக்கே கடம்பூரிலிருந்து வரும்போது ஜன்னலுக்கு வெளியே கறுப்பு மண். சோளம், கம்பு, உளுந்து, பாசி, இப்போது மக்காச்சோளம். நாரைக்கிணறு, கங்கைகொண்டான், தாழையூத்து என்று தென்மேற்கே போகப்போக நிறம் மாறிக்கொண்டே வந்து தாமிரபரணிக் கரையில் வயலாகிவிடும். மறுபக்கம் தட்டப்பாறை தாண்டினால் காற்றில் உப்பு வாசம் வரும். ஒரே ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஆற்றுக்கும் போகலாம், கடலுக்கும் போகலாம். நடுவில் இருக்கும் எங்களுக்கு ஆறும் இல்லை, கடலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையும் அதைத் தேக்கிவைக்கும் கண்மாயும்தான். அந்தக் கண்மாயின் வரத்துக்கால் எது என்று என் தாத்தா சொல்வார். என் அப்பா கை காட்டுவார். எனக்குச் சீமைக்கருவேல மரங்கள்தான் தெரியும். அந்த வேலிக்காத்தான் அடர்ந்துகொண்டே வந்தது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஆகிறதே என்று விட்டுவிட்டோம். மண்ணுக்கு ஏற்ற கருங்கண்ணிப் பருத்தியை எங்கள் கையாலேயே நிறுத்தினோம். இந்த ஸ்டேஷன் இங்கே இருப்பதற்குக் காரணமான செடி இன்று எங்கள் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது.

1875 முடிந்து 1876 பிறக்கும் வேளையில் பாதை திறந்தது. அந்த டிசம்பரில் கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கிய வேல்ஸ் இளவரசர், புதுப் பாதையில் மதுரைக்குப் போனார். வழியில் மணியாச்சியில் ரயில் நின்றது. பின்னாளில் பிஷப் ஆன கால்டுவெல்லும் சார்ஜென்டும் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ மக்களைத் திரட்டிக்கொண்டு வந்து வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். இடையன்குடியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் நடந்தும் வண்டி கட்டியும் வந்த அந்தக் கூட்டம் இந்தப் பொட்டலில் நின்றதை நினைத்துப் பார்க்கிறேன். அந்த இளவரசர்தான் பின்னால் ஏழாம் எட்வர்டு மன்னர். அவர் மகன் ஐந்தாம் ஜார்ஜ். 1911 ஜூன் 22 அன்று ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு. அதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூன் 17 அன்று, அந்த முடிசூட்டைக் குறிப்பிட்ட கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வாஞ்சிநாதன் இதே ஸ்டேஷனில் துப்பாக்கியை எடுத்தார். தந்தைக்கு வரவேற்புப் பத்திரம் வாசித்த இடத்தில் மகனுக்கு எதிராகக் குண்டு. ஏறக்குறைய முப்பத்தாறு வருஷ இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பாக்கியம் எங்கள் ஊருக்கு மட்டுமே உண்டு. நாங்கள் ஒன்றை மறந்தே போனோம். மற்றொன்றை ஒரு வரியாகச் சுருக்கினோம்.

பாதை திறந்த வருஷமே தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணமே செத்து மடிந்த காலம். அதற்கு முன்பும் பின்பும் பல பத்தாண்டுகள் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களாகப் போனவர்களில் பெருங்கூட்டம் தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. ரயில் வந்த பிறகு கங்காணிகள் அவர்களை வண்டியில் கொண்டுவந்தார்கள். அடுத்த ஸ்டேஷனான தட்டப்பாறையில், கப்பல் ஏறுமுன் தொற்றுநோய்க்காக அவர்களை நிறுத்திவைக்கும் முகாம் இருந்தது. மதுரைச் சீமையிலிருந்தும் திருச்சிச் சீமையிலிருந்தும் வந்தவர்கள் எல்லோரும் எங்கள் ஸ்டேஷனைக் கடந்துதான் போயிருக்கிறார்கள். வண்டி இங்கே நின்றபோது யாராவது ஒரு தாய் பிள்ளைக்குத் தண்ணீர் கேட்டிருப்பாள். எங்கள் பாட்டன்மாரில் யாராவது கொடுத்திருப்பார்கள், அல்லது கொடுக்காமல் இருந்திருப்பார்கள். ஒரு சொல்கூட எங்களிடம் மிஞ்சவில்லை. இலங்கை மலையகத்திலிருந்து வரும் ஒருவர் "எங்க பாட்டன் இந்த வழியாத்தான் போனாராம்" என்று சொன்னால், அவரைக் கூட்டிப் போய்க் காட்ட எங்களிடம் ஒரு கல் கிடையாது.

கடம்பூர் என்றால் போளி. கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. சாத்தூர் என்றால் காராச்சேவு. மணியாச்சி என்றால் துப்பாக்கி. வழிநெடுக ஊர்கள் தங்கள் கைப்பக்குவத்தால் பேர் வாங்கின. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் குமாரபுரம் என்று ஒரு சின்னஞ்சிறு ஸ்டேஷன் உண்டு. எங்கள் ஸ்டேஷனோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்று ஒரு கதை எழுதினார். தமிழ் படிக்கிற வீட்டிலெல்லாம் அந்த ஸ்டேஷன் பேர் தெரியும். எங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. நானே எத்தனையோ ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். சொந்த ஸ்டேஷனைப் பற்றி இதற்கு முன் ஒரு பத்தி எழுதியதில்லை.

அந்தத் துப்பாக்கிச் சத்தத்தையாவது ஒழுங்காகக் காப்பாற்றினோமா என்றால் அதுவும் இல்லை. இதைச் சொல்லத்தான் எனக்குக் கை தயங்குகிறது.

1911 ஜூன் 17 காலையில் கலெக்டர் ஆஷ் தன் மனைவி மேரியோடு திருநெல்வேலியில் ஏறினார்; கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பயணம். வண்டி பத்தரை மணி தாண்டி மணியாச்சிக்கு வந்தது. தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக அது ஏறக்குறைய பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வாஞ்சி உள்ளே ஏறி மிக அருகிலிருந்து சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடி, கழிவறைக்குள் புகுந்து தன்னையே சுட்டுக்கொண்டார். கூட வந்த சங்கரகிருஷ்ணன் தப்பி ஓடினார். எல்லாம் சில நிமிஷங்கள்.

அந்தப் பத்து நிமிஷக் காத்திருப்பு ஜங்ஷன் கொடுத்தது. வாஞ்சி செங்கோட்டைக்காரர்; வேலை பார்த்தது திருவிதாங்கூர்க் காட்டு இலாகாவில், புனலூரில். புனலூரையும் செங்கோட்டையையும் திருநெல்வேலியோடு இணைத்த பாதை முழுமையாகி அப்போது ஏழு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பாதையும், இங்கே வண்டி காத்திருக்கும் வழக்கமும், கொழும்புக் கப்பலை நம்பி ஓடிய மெயிலும் சேர்ந்துதான் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவனையும் ஒரு கலெக்டரையும் எங்கள் நடைமேடையில் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்தின. மணியாச்சி இல்லாமல் அந்தச் சம்பவம் அப்படி நடந்திருக்காது. நாங்களோ ஸ்டேஷனை வெறும் திரைச்சீலையாக எண்ணிவிட்டோம். பெயர்ப்பலகையில் 'வாஞ்சி' என்று முன்னால் சேர்ந்ததும் எங்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. வாஞ்சியின் பையில் இருந்த கடிதம் ஒளிவுமறைவானது அல்ல. பல தடவை அச்சில் வந்தது. அதில் அந்நிய ஆட்சிமேல் கொண்ட வெறுப்போடு சனாதன தர்மம் பற்றிய பேச்சும் இருக்கிறது. ஜார்ஜ் ஐந்தாமவர் என்பதையே சாதி இழிவாகத் திருப்பும் சொல்லும் இருக்கிறது. இன்னொரு பக்கம், பிரசவ வேதனையில் இருந்த ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்ணை ஆஷ் அக்கிரகாரத் தெரு வழியே வண்டியில் கொண்டுபோனார், அதற்குத்தான் இந்தப் பழி என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு யாரும் ஆவணம் காட்டியதில்லை. தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்குவதில் ஆஷுக்கு இருந்த பங்கும், 1908இல் வ.உ.சி. கைதானதையொட்டி நடந்த திருநெல்வேலி எழுச்சியும், கோரல் மில் வேலைநிறுத்தமும் ஆவணத்தோடு நிற்பவை. இவற்றையெல்லாம் ஒரே திண்ணையில் வைத்துப் பேசியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். பேசவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தத் தெருக்காரர் என்று பார்த்து, அவருக்கு ஏற்ற கதையைச் சொன்னோம். மேலத்தெருவில் ஒரு மணியாச்சி, கீழத்தெருவில் ஒரு மணியாச்சி என்று ஊர் இரண்டாகக் கிடக்க, இரண்டு பேரும் ஒரே நடைமேடையில் ஒரே வண்டிக்கு நின்றோம். ஆண்டுதோறும் ஜூன் 17 அன்று மாலை போட வருகிறவர்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். நாங்கள் ஓரமாக நின்று பார்ப்போம். அந்தப் பெட்டியில் கண் முன்னே கணவனைப் பறிகொடுத்த பெண்ணைப் பற்றி எங்கள் வீடுகளில் யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேசினால் வாஞ்சியின் பேர் குறைந்துவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

1914இல் பாம்பன் பாலம் வந்தது. கொழும்பு மெயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது. எங்கள் ஜங்ஷனின் மவுசு அப்போதே குறையத் தொடங்கியது. ஆனாலும் என் சின்ன வயதில் கனெக்‌ஷன் வண்டி உண்டு. மெயின் வண்டி வரும்வரை தூத்துக்குடிச் சனமும் திருநெல்வேலிச் சனமும் இங்கே காத்துக் கிடக்கும். கல்யாணப் பேச்சு நடக்கும். கடன் பேச்சு நடக்கும். பெட்டியைக் கழற்றி மாட்டும் சத்தத்தை வைத்தே ஊரில் நேரம் சொல்வார்கள்.

என் பெரியப்பா பாயிண்ட்ஸ்மேன். ஒற்றைப் பாதை நாட்களில் ஒரு வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றால் டிரைவர் கையில் டோக்கன் இருக்க வேண்டும். பிரம்பை வளைத்துக் கட்டிய பெரிய வளையம். அதன் அடியில் தோல் பை. பைக்குள் இரும்பு உருண்டை. அந்த உருண்டை ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டியிடம்தான் இருக்க முடியும். அதனால் எதிர்வண்டி மோதாது. நிற்காத வண்டி வந்தால் பெரியப்பா நடைமேடை ஓரத்தில் கையை உயர்த்தி வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரவு என்றால் பக்கத்தில் தீப்பந்தம். ஓடும் இன்ஜினிலிருந்து ஒரு கை நீண்டு வளையத்தைத் தோளுக்கு வாங்கிக்கொள்ளும். பழைய வளையம் சற்றுத் தள்ளி மண்ணில் விழுந்து உருளும். அவருடைய வலது முன்கையில் முழங்கை வரை தழும்பு. பிரம்பு அடித்து அடித்து வந்தது. சாப்பிட உட்காரும்போது அந்தக் கையைத்தான் நான் பார்ப்பேன்.

பெரியப்பா ஒரு நோட்டு வைத்திருந்தார். நீளமான, காக்கி அட்டை போட்ட நோட்டு. எந்தெந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எங்கே மழையில் பாதை இறங்கியது, எந்த கேங்மேனுக்குப் பாம்பு கடித்தது, எந்த வருஷம் கண்மாய் உடைந்து தண்ணீர் லைன் ஓரம் நின்றது என்று பென்சிலில் எழுதியிருப்பார். அவர் இறந்து பதினாறாம் நாள் கழிந்து வீட்டைச் சுத்தம் பண்ணினோம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட கட்டில் அந்த நோட்டும் இருந்தது. கட்டைத் தூக்கிக் கொடுத்தது நான்தான். அப்போது எனக்கு முப்பது வயது. ஒரு பத்திரிகையில் வரலாற்றுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், படித்தேன், வைத்துவிட்டேன். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் பல வீட்டில் இப்படித்தான். தொண்ணூறுகளில் அகலப்பாதை வந்தது. பழைய கைகாட்டி மரங்கள் போயின. பழைய இரும்பு ஸ்லீப்பர் மாட்டுத்தொழுவத்துக்குப் படியானது. தண்டவாளத் துண்டு பள்ளிக்கூட மணியானது. அதுவும் மின்சார மணி வந்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்போது இரட்டைப் பாதை, மின்சாரப் பாதை. பல வண்டிகள் எங்களைக் கண்டுகொள்ளாமல் பறக்கின்றன. நிற்கவில்லையே என்று மனு எழுதினோம். மனுவில் எழுத எங்களிடம் இருந்ததும் அதே ஒரு வரி: இது வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட ஊர்.

போன வாரம் நானும் வாத்தியாரும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனோம். பெரியப்பா காலத்து கேங்மேன் ஒருவரின் மனைவி. எண்பது வயது தாண்டிய ஆச்சி. லைன் ஓரத்து வீடு. உள்ளே வண்டிச் சத்தம் வந்தால் சுவரில் மாட்டிய படம் ஆடுகிறது. அவருடைய கணவர் லைன் வேலைக்குப் போனபோது கூட இருந்தவர்கள் யார் யார், எந்த ஊர்க்காரர்கள், யார் எங்கே பாதை பார்த்தார்கள் என்று கேட்டோம்.

"இத எதுக்குய்யா இப்பப் போயிக் கேக்கீக?" என்றார்.

பேத்திதான் சொன்னாள்: "எழுதி வைக்கணும் ஆச்சி."

ஆச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விரலை மடக்கினார். முதல் பேர் உடனே வந்தது, ஊரும் வந்தது, அவர் பெண் எடுத்த வீடும் வந்தது. இரண்டாவது ஆளுக்குக் காது கேட்காது, அதனால் வண்டி வருகிறதென்று தண்டவாளத்தில் கை வைத்துப் பார்ப்பார் என்றார். மூன்றாவது பேரைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நாலாவது விரலை மடக்கியவர் அப்படியே நிறுத்தினார். உயரமான ஆளாம். சிவத்த ஆளாம். இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் கால் நட்டவராம். பேர் வரவில்லை.

வெளியே தூத்துக்குடி வண்டி போனது. படம் ஆடி நின்றது. பிள்ளை பென்சிலை நோட்டில் ஊன்றியபடி காத்திருந்தாள். ஆச்சி மடக்கிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.